அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது ஏன்?

மேலூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் நீங்கள் கேட்டிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பூதம், பேசும் கிளி, உயிர்பெறும் கல் என்று வரும் மாயக் கதைகளுக்குள் சமூக விமர்சனமும் அரசியலும் உண்டு என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அது கதைக்குள் உண்மையிலேயே இருப்பதா, படித்தவர்கள் பின்னால் ஏற்றிச் சொல்வதா, நம் மதுரைக் கதைகளை வைத்து விளக்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

இருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் அதைத் தேடும் முறையில்தான் பெரும்பாலோர் வழுக்கிவிடுகிறோம். அரக்கன் என்றால் ஜமீன்தார், சிறைப்பட்ட இளவரசி என்றால் நாடு என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்தி விடுகதை அவிழ்ப்பது போலப் படித்தால், எந்தக் கதைக்குள்ளும் எந்த அரசியலையும் நுழைத்துவிடலாம். அமெரிக்காவில் 1900இல் வெளிவந்த ஓஸ் மாயநாட்டுக் கதைக்கு இதுதான் நேர்ந்தது. 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்னும் பள்ளி ஆசிரியர், அதில் வரும் மஞ்சள் செங்கல் சாலை தங்கம், வெள்ளிக் காலணி வெள்ளி நாணயம், வைக்கோல் மனிதன் விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி என்று 1890களின் நாணயக் கொள்கைச் சண்டையோடு பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களுக்கு வரலாற்றைப் புரியவைக்க அவர் கையாண்ட உத்தி அது. பிறகு அது பலருக்கு வேதவாக்காகிவிட்டது. கதாசிரியர் அந்த அரசியல் இயக்கத்தின் ஆதரவாளர் என்று கருத ஆதாரம் இல்லை என்று பல ஆண்டுகள் கழித்து லிட்டில்ஃபீல்டே எழுத வேண்டியதாயிற்று.

ஆகவே நான் கதையிடம் கேட்பது இரண்டே கேள்விகள். அற்புதம் கதையின் எந்த இடத்தில் வந்து நிற்கிறது? அந்த அற்புதம் யாருக்குப் பயன்படுகிறது? இயல்பாக நடக்க வேண்டிய ஒன்று நடக்க வழியில்லாமல் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் அற்புதம் தேவைப்படுகிறது. ஆதலால் அது நிற்கும் இடத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டால், அந்தக் காலத்துச் சமூகம் எங்கே அடைபட்டுக் கிடந்தது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையிலிருந்தே தொடங்கலாம். ஆவணி மூலத் திருவிழாவில் ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்புக்குச் சுந்தரேசுவரர் பொன் மண்வெட்டியும் கூடையுமாக எழுந்தருள்வதையும், திருப்பரங்குன்றத்து முருகனும் உங்கள் ஊருக்கு அருகே உள்ள திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அங்கே வந்து சேர்வதையும் உங்கள் மாணவர்களில் சிலராவது பார்த்திருப்பார்கள். வைகை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தமக்கு அளந்துவிட்ட பங்கை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும் வந்திக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அனுப்ப ஆள் இல்லாத அந்தக் கிழவியிடம் சிவபெருமான் கூலியாளாக வருகிறார்.

இந்த ஆணை கதைக்காகக் கட்டப்பட்டதன்று. கூலி இல்லாமல் குடிகளை அரசு வேலைக்கு இழுப்பதற்கு ‘வெட்டி’ என்ற பெயர் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் மற்ற வரிகளோடு சேர்ந்தே வருகிறது. நாம் இன்று ‘வெட்டி வேலை’ என்று சொல்வது அதன் எச்சம் என்பார்கள். அரசர்கள் போன பின்னும் இந்த வழக்கம் போகவில்லை. ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க, 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே இயற்றினார்கள். வந்திக்கு வந்த ஓலைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருந்தாலும், இரண்டும் கேட்டது ஒன்றைத்தான்: கரை உடைகிறது, ஆளை அனுப்பு.

இப்போது அற்புதம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ‘வீட்டுக்கு ஓர் ஆள்’ என்று சொல்லும்போது, எல்லா வீட்டிலும் ஆள் உண்டு என்று ஆணை எடுத்துக்கொள்கிறது. ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன வழி என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த இல்லாத வரியின் இடத்தில்தான் சிவபெருமான் கூடையோடு வந்து நிற்கிறார். மன்னன் கொடியவன் என்று கதை எங்குமே சொல்லவில்லை. பொதுவான ஓர் ஆணை, ஒரு கைம்பெண்ணின் வாசலுக்கு வரும்போது என்னவாக மாறுகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. விமர்சனம் என்றால் இதைவிடக் கூர்மையாக வேறெப்படிச் செய்வது?

கூலிப் பேச்சும் கவனிக்கத்தக்கது. உதிர்ந்த பிட்டு உனக்கு, உதிராதது எனக்கு என்பது ஒப்பந்தம். அன்றைக்குப் பார்த்து அத்தனை பிட்டும் உதிர்ந்தே வெந்தது. கூலி வாங்கியவர் வேலையாவது செய்தாரா என்றால், பாடுகிறார், ஆடுகிறார், மண்ணைச் சுமப்பது போலக் கொட்டிவிட்டுக் கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். இதைத் தெய்வத்தின் விளையாட்டு என்று பக்தர்கள் அனுபவிப்பார்கள், அதில் பிழையில்லை. ஆனால் கட்டாய வேலைக்கு வந்த எவரும் எங்கும் செய்வது இதைத்தான் என்பது, கண்மாய்க் கரையில் வேலை பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அவன் முதுகிலும், அரசியர் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், கருவில் இருக்கும் சிசு வரையில் எல்லா உயிர் மீதும் விழுகிறது. குடிமகன் ஒருவன் மீது விழும் அடியை நாடே வாங்கிக்கொள்ளும் காட்சி, அரசியல் கற்பனையில் மிக உயர்ந்த ஒன்று என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே நின்ற கூலிக்காரர் கடவுளாக இருந்ததனால்தான் அடி அப்படிப் பரவியது. வெறும் கூலிக்காரராக இருந்திருந்தால் அது அவருடைய முதுகோடு நின்றிருக்கும். இது கதைக்குத் தெரியாததன்று. தெரிந்ததனால்தான் அங்கே கடவுள் தேவைப்பட்டார்.

இந்தக் கதைக்கு முன்னால் நரியைப் பரியாக்கிய கதை நிற்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த கருவூலப் பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். நரிகள் குதிரைகளாக வந்து இலாயத்தில் கட்டப்பட்டு, இரவில் மீண்டும் நரிகளாகி, அங்கிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. நரியைக் குதிரை செய்த செய்தி அப்பர் தேவாரத்திலேயே வருவதால் இது மிகப் பழையது. ஆயினும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை வேறொரு ருசியைக் கொடுக்கும். பாண்டிய நாட்டு அரசர்கள் கடல் வழியாக வரும் குதிரைகளுக்கு ஆண்டுதோறும் பெரும்பொன் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்றும் அவர் எழுதுகிறார். காலையில் குதிரையாக வந்து இரவில் ஒன்றுமில்லாமல் போகும் அரசாங்கக் கொள்முதலை, அந்தக் காலத்து மதுரை மக்கள் கோயிலில் மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அற்புதம் எப்போதும் எளியவர் பக்கமே நிற்கும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தில் இரண்டு வகை அற்புதங்களும் அடுத்தடுத்து வருகின்றன. கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கும்போது, அரசனிடம் முறையிட்டும் மீளாத ஒன்றுக்காக அற்புதம் எழுகிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லிப் பாண்டியன் விழுந்து இறந்துவிட்டான். ஆயினும் கோவலன் திரும்பி வரப்போவதில்லை. அந்தத் தீ யாரைத் தொடக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீத்திறத்தார் பக்கம் சேரும்படி கண்ணகி ஏவுகிறாள். சினத்திலும் சமூக வரிசை கலையவில்லை.

தீ எரிந்துகொண்டிருக்கும்போதே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து பேசத் தொடங்குகிறது. கட்டுரை காதையை நிதானமாகப் படித்தால் அது ஓர் அரசுத் தரப்பு வழக்கறிஞரின் பேச்சைப் போலவே இருக்கும். இந்தப் பாண்டியன் மறையோதும் நாவின் ஓசையைக் கேட்டிருக்கிறானே தவிர, முறையிடுவோர் அசைக்கும் மணியின் நாவோசையைக் கேட்டதே இல்லை என்கிறது. மணி ஒலிக்காததை நல்லாட்சிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒலிக்க வாய்ப்புக் கிடைக்காதவரின் வீட்டை ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்து, ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமியில், வெள்ளிக்கிழமையன்று இந்த நகரம் எரியும் என்று முன்பே சொல்லிவைத்த உரை ஒன்று உண்டு என்கிறது. கடைசியில், கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரோடு சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான், அந்த வினைதான் இது என்று முடிக்கிறது. அரசனின் பிழையாக இருந்தது பத்தே நிமிடத்தில் கொலையுண்டவனின் பிழையாகிவிட்டது.

இதே பேச்சின் நடுவில் வார்த்திகன் கதை ஒன்றும் வருகிறது. அதிகம் பேசப்படாத கதை. வார்த்திகன் என்னும் அந்தணரை, மகன் அணிந்திருந்த அணிகலன்களைப் பார்த்துவிட்டுப் புதையல் எடுத்தவர் என்று ஐயுற்று அதிகாரிகள் சிறையிடுகிறார்கள். அவர் மனைவி அழுது புலம்ப, கொற்றவை கோயில் கதவு தானே அடைத்துக்கொண்டு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரிக்கிறான், பிழை தெரிகிறது, அவர் காலில் விழுந்து திருத்தங்காலையும் வயலூரையும் கொடுக்கிறான், கதவு திறக்கிறது. பாண்டியரின் செம்மைக்குச் சான்றாகத் தெய்வம் இதைச் சொல்கிறது. ஆனால் கேட்கும் கண்ணகியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால், ஒரே குற்றச்சாட்டு, ஒரே ஊர், ஒரே அரச குலம், ஒருவருக்கு மட்டும் கதவு சாத்திக்கொண்டது, இன்னொருவருக்குச் சாத்திக்கொள்ளவில்லை என்பதுதான் மிஞ்சும். இளங்கோவடிகள் இதை அறியாமல் வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. பிறகு கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாகவும் நூல் சொல்கிறது. அரண்மனையில் தொடங்கிய பிழையின் கணக்கு, பட்டறையில் போய்த் தீர்க்கப்படுகிறது.

வென்றவர்கள் சொன்ன மாயக் கதைக்கு ஒரு சான்று வேண்டுமென்றால் மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில் ஒத்தக்கடையில் இறங்கிப் பாருங்கள். ஒற்றைக் கல்லாகப் படுத்திருக்கும் யானைமலையைப் பற்றித் திருவிளையாடற் புராணம் சொல்வது இது: சமணர்கள் அபிசார வேள்வி செய்து மதுரையை அழிக்க ஒரு பெரும் யானையை ஏவினார்கள், சோமசுந்தரக் கடவுள் வில்லேந்தி நரசிங்கக் கணையால் அதை வீழ்த்தினார், அது மலையாகிவிட்டது. அவ்வாறே அவர்கள் ஏவிய பாம்பு நாகமலையாயிற்று, பசு பசுமலையாயிற்று. ஊரைச் சுற்றியிருக்கும் மூன்று மலைகளும் தோற்றுப்போன எதிரியின் ஆயுதங்கள்.

ஆனால் அதே யானைமலையின் குகைத்தளத்தில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது அந்த இடத்தை ‘இவகுன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. புராணம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அங்கே துறவிகள் படுத்து உறங்கிய காலத்திலேயே, உருவத்தைப் பார்த்து மக்கள் அதை யானைக் குன்று என்றுதான் அழைத்திருக்கிறார்கள். பின்னால் அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் அச்சணந்தி போன்ற துறவியரின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. அவர்கள் குடியிருந்த வீட்டையே அவர்கள் ஏவிய படையாக மாற்றிச் சொல்கிறது கதை. யாரையும் வெளியேற்றியதாக அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கே அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதே கதையைக் கேட்டவர்களுக்கு மறந்துபோகும்படி செய்துவிட்டது. மாணவர்களை ஒருமுறை கூட்டிப் போய், முதலில் புராணக் கதையைச் சொல்லி, பிறகு குகையில் எழுத்தைக் காட்டுங்கள். நான் நீட்டி முழக்குவதைவிட அது அதிகம் சொல்லும்.

நாட்டார் கதைகளில் வெளியிலிருந்து வந்து சேரும் அற்புதத்துக்கு மதுரை வீரன் கதையைச் சொல்வேன். பாடலின்படி வீரன் காசி அரசனுக்குப் பிறந்தவன். பிறந்த நேரம் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்லக் காட்டில் விடப்படுகிறான். அருந்ததியர் குடும்பத்துச் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். அவன் நாயக்கர் குடும்பத்துப் பொம்மியைக் கூட்டிப் போகிறான், மதுரைக்கு வந்து கள்ளரை அடக்குகிறான், இங்கே வெள்ளையம்மாள் மீது காதல் கொண்டதற்காக மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இன்று மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசல் அருகே நின்று வழிபாடு பெறுகிறான். காசி அரசனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள், ஒன்றுமே குறையாது. தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்த ஒருவன் மேல்சாதிப் பெண்ணை மணந்தான் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்காக அவன் பிறப்பை மாற்ற வேண்டியிருக்கிறது.

பேராசிரியர் நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையிலும் இதே கைவேலைதான். அங்கே பிராமண இளைஞன் அருந்ததியர் பெண்கள் இருவரை மணந்து, பூணூலை அறுத்துவிட்டு, மாமனாரின் மாட்டுக் கிடையைக் காத்து உயிர்விடுகிறான். பின்வந்த வடிவங்களில் அந்தப் பெண்களே காட்டில் கிடந்த பிராமணக் குழந்தைகள் என்றாகிவிட்டது. பழைய வடிவத்தையும் பின்வந்ததையும் ஒப்பிட்டு இந்தச் செருகலை அவர் எடுத்துக்காட்டினார். முன்பு சொன்ன இரண்டாம் கேள்வி இத்தகைய கதைகளுக்காகத்தான். பிறப்பு மாற்றும் இந்த மாயத்தால் பயன் அடைவது வீரனும் இல்லை, பட்டனும் இல்லை.

பிறப்பைப் பற்றிய இதே அச்சம் வேறு நாட்டுக் கதை ஒன்றிலும் உண்டு. ஆடையில்லாத அரசரின் கதை நம் பாடநூல் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. ஆண்டர்சன் 1837இல் எழுதிய வடிவத்தில், பதவிக்குத் தகுதியற்றவர்களுக்கும் முட்டாள்களுக்கும் துணி தெரியாது, ஒரு குழந்தை உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஸ்பெயினில் 1335இல் எழுதப்பட்ட பழைய வடிவத்திலோ, தன் தகப்பனுக்கு முறையாகப் பிறக்காதவருக்குத்தான் துணி தெரியாது. வாரிசுரிமை போய்விடுமே என்று அரசரும் பிரபுக்களும் வாய்மூடியிருக்க, குதிரை பார்த்துக்கொள்ளும் கறுப்பின மனிதர் ஒருவர், நான் யாருக்குப் பிறந்தேன் என்பதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லிவிட்டு உண்மையைப் போட்டு உடைக்கிறார். குழந்தையின் வெள்ளை மனம் பற்றிய கதையாக ஆவதற்கு முன் அது சொத்தில்லாதவரின் துணிச்சல் பற்றிய கதையாக இருந்தது. எனக்குப் பழைய வடிவம்தான் பிடிக்கும்.

சொத்து என்றதும் நல்லதங்காளிடம் வந்தாக வேண்டும். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. மானாமதுரையில் வாக்கப்பட்டவள், பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள், அண்ணி மூளியலங்காரி செய்யும் கொடுமையில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். என் அம்மாச்சி இதைச் சொல்லும்போது ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகத்தான் கிணற்றில் போடுவார், ஒன்றுக்கும் அவசரப்பட மாட்டார். ஆனால் அதிகம் தங்குவது வேறோர் இடத்தில். சாத்திய கதவு முன்னால் நல்லதங்காள் நின்று, நான் பத்தினியானால் திற என்று கேட்கக் கதவு திறந்துவிடும். உள்ளே அண்ணி கொடுப்பது மக்கிய கேழ்வரகும், ஓட்டைப் பானையும், விறகுக்குப் பதில் பச்சை வாழைமட்டையும். அவள் கும்பிட்டு ஊத, பச்சை மட்டை பற்றிக்கொள்ளும். அம்மாச்சி அங்கே நிறுத்திவிட்டு, ‘கதவு தொறந்துச்சு, மட்டை எரிஞ்சுச்சு, வேறென்ன கெடச்சுச்சு அவளுக்கு?’ என்று யாரையும் பார்க்காமல் கேட்பார்.

சிறு வயதில் அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. பத்தினித்தன்மை கதவைத் திறக்கும், ஈர மட்டையை எரிக்கும், அதாவது அவளை இன்னும் கொஞ்சம் உழைக்க வைக்கும். பிறந்த வீட்டில் அவளுக்கு ஒரு மரக்கால் நெல் பாத்தியதையாக்கும் அற்புதம் மட்டும் கதையில் கிடையாது. அற்புதம் வந்து நிற்கும் இடத்தைப் போலவே, அது நடந்து வந்து நின்றுவிடும் இடமும் பேசும். தமிழ்நாட்டில் இந்துப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பூர்விகச் சொத்தில் ஆணுக்கு நிகரான பங்கு சட்டமானது 1989இல், நாடு முழுவதும் 2005இல். சட்டம் வரும்வரை அந்த இடத்தை ஒரு கிணறுதான் நிரப்பிக்கொண்டிருந்தது.

கதை பழியை எங்கே போடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியதே. மழையில்லை, தானியமில்லை, பெண்ணுக்குப் பங்கில்லை, எல்லாவற்றுக்கும் அண்ணி ஒருத்தியே குற்றவாளி. அவளும் இன்னொரு வீட்டில் பங்கில்லாமல் வந்தவள்தான். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையில், பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் பெண் பெற்ற தாயாகவே இருக்கிறாள். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள். பசி தாயையும் என்ன செய்யும் என்று காட்டிய கதை, கெட்ட பெண் ஒருத்தியின் கதையாகச் சுருங்கிவிட்டது. அங்கே மாற்றாந்தாய், இங்கே அண்ணி.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு கதைகள் வழங்குவதை உங்கள் மாணவர்களே சொல்வார்கள். தலபுராணத்தின்படி, தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார். மக்கள் கதைப்படி, தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்து, நேரம் தவறி, கோபித்துக்கொண்டு நகருக்குள் நுழையாமல் வண்டியூருக்குப் போகிறார். கோயிலுக்கு ஒரு சாபம் போதுமாக இருந்தது. சுற்றுப்புற நாட்டுக் குடிகளுக்கோ, நகரத்துக் கோயிலோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த தங்கள் உறவைச் சொல்ல ஓர் அண்ணனின் கோபம் தேவைப்பட்டது. தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றி எழுதிய ஆய்வில் இந்த உறவுகள் விரிவாக இருப்பதால் நான் மேலும் எழுதவில்லை.

கதை சொன்னவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததா என்பது உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. சிலருக்குத் தெளிவாகவே இருந்தது. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, 1914இல் பொன்வால் நரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விலங்குக் கதை எழுதி வெளியிட்டார். நரி யார் என்று அன்று படித்தவர்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரிந்தது, அன்னி பெசன்ட் அம்மையார்தான் இலக்கு. ஆனால் அம்மாச்சியைப் போன்றவர்களிடம், நீங்கள் சொல்வது சொத்துரிமை விமர்சனமா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் விமர்சனம் செய்ய உட்காரவில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூறு பேர் வாய்வழி வந்த கதையில் எண்ணம் என்பது அந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது, ஒருவருடைய தலைக்குள் இல்லை. அதனால் வகுப்பில் கதையை அச்சிலிருந்து மட்டும் எடுக்காமல், வீட்டில் கேட்டு வரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எங்கே வேறுபடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அரசியல் என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டியிருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன், திருமங்கலத்தை ஒட்டிய ஓர் ஊரில் ஐந்தாம் வகுப்பில் பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, ‘சார், எல்லாருக்கும் அடி விழுந்துச்சுன்னா அந்தப் பாட்டிக்கும் விழுந்துச்சா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லா உயிர் மீதும் என்று இருந்தது. ஆக வந்திக்கும் விழுந்திருக்கத்தான் வேண்டும். பிறகு சிவகணங்கள் வந்து அவளை விமானத்தில் ஏற்றிச் சிவலோகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கூலியாள் கொட்டிய ஒரு கூடை மண்ணில் உடைப்பு அடைபடுகிறது. பாண்டியன் மாணிக்கவாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறான். மறுநாள் அந்தப் பெண்ணிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அடுத்த தடவை ஆறு உடைந்தால் ஆள் இல்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்றாள். வீட்டுக்கு ஓர் ஆள் என்ற ஆணையை மன்னன் மாற்றினானா என்று நான் மறுபடியும் தேடினேன். நான் படித்த வரையில் அப்படி ஒரு செய்யுள் இல்லை.